ஜாக்கி தூக்கும், கட்டை தாங்கும்

சோலூர்
தை 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே அத்தையும் நானும் நலம். என் அக்காவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறதா? காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். இங்கே ஒரு வாரமாக உறைபனி. தலைகுந்தாப் பக்கம் புல்வெளி விடியற்காலையில் உப்புக் கொட்டியதுபோலக் கிடக்கிறது. கருகிவிடுமோ என்று அத்தை கீரைப் பாத்தியின் மேல் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறாள்.

திருப்பூர் வேலையை விட்டுவிட்டு நீ பிக்கப் வாங்கிவிட்டதையும், அடுத்த வாரம் வண்டியோடு ஊருக்கு வரப்போவதையும் அக்கா போனில் சொன்னாள். சோலூரிலிருந்து கேரட், உருளை, முட்டைகோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோக ஆள் தேவைதான். நல்ல முடிவு. இந்தக் கடிதத்தோடு ஒரு மரப்பெட்டி அனுப்பியிருக்கிறேன். அதில் ஐந்து டன் ஆயில் ஜாக்கி ஒன்று, முட்டுக்கட்டை நான்கு, இரண்டு அங்குல கனத்தில் வேங்கைப் பலகை ஒன்று, ஜாக்கி ஆயில் ஒரு லிட்டர், பழைய வேட்டித் துணி கொஞ்சம் இருக்கும். வண்டியோடு வந்த ஜாக்கியை இப்போதைக்கு நம்பாதே. முன்பு வைத்திருந்தவர் அதை எப்படிப் பராமரித்தார் என்பது நமக்குத் தெரியாது. இதை நான் பிரித்து, சீல் மாற்றி, பாரம் ஏற்றிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியிலேயே வைத்துக்கொள்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்கிப் பிடிப்பது அதன் வேலை இல்லை. வண்டி ஜாக்கி மேல் மட்டும் நிற்கும்போது கையோ காலோ தலையோ அதன் கீழே போகக்கூடாது. விழுந்த நட்டை எடுக்கக்கூடக் கையை நீட்டாதே. டிப்போவில் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க நான் பையன்களிடம் அதிகம் சொன்ன வார்த்தை இதுதான். சொன்னதைக் கேட்டவர்கள் பத்து விரலோடு ரிட்டையர் ஆனார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது ஜாக்கியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் புரியும். நீ லிவரை மேலே தூக்கும்போது ஒரு சின்ன பிளஞ்சர் தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சுகிறது. கீழே அழுத்தும்போது அதே ஆயிலைப் பெரிய ராமின் அடியில் தள்ளுகிறது. வந்த ஆயில் திரும்பிப் போகாமல் இருக்க வழியில் சின்ன இரும்புக் குண்டு ஒன்று அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட திரவத்தின் ஒரு இடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பாஸ்கல் சொன்னாரே, பள்ளியில் படித்திருப்பாய், அந்த விதிதான். அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்த மறுவருஷம், 1663-இல் அச்சானது. அதை வைத்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கையில் தூக்கிக்கொண்டு போகிற ஜாக்கிக்கு நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் 1851-இல் வாங்கினார். அதன் பிறகு இரும்பும் சீலும் நல்லதாகி வந்திருக்கின்றன, தத்துவம் அப்படியே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். லிவரின் கைப்பிடி சுழலும் ஆணியிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியும், பிளஞ்சர் 3 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால், நீ 20 கிலோ அழுத்தும்போது பிளஞ்சர் மேல் 400 கிலோ விழும். பிளஞ்சரின் விட்டம் 1 சென்டிமீட்டர், ராமின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்றால் பரப்பளவு ஒன்பது மடங்கு. அப்படியானால் ராம் 3,600 கிலோவைத் தூக்கும். கை 36 சென்டிமீட்டர் இறங்கினால் ராம் 2 மில்லிமீட்டர்தான் ஏறும். உன் கைக்கு பாரமே தெரியாது. ஆபத்து இருப்பதும் அங்கேதான். கைக்குத் தெரியாத அந்த எடை முழுவதும் உள்ளே ஒரு ரப்பர் சீலையும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு இரும்புக் குண்டையும் நம்பி நிற்கிறது. குண்டு உட்காரும் இடத்தில் ஒரு மணல் துகள் மாட்டினால் ஆயில் கசிந்து வண்டி மெதுவாக இறங்கும். சீல் கிழிந்தால் ஒரே அடியாக இறங்கும். எது நடக்கும், எப்போது நடக்கும் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பாரம் தாங்குகிற கட்டைக்கும் இரும்பு ஸ்டாண்டுக்கும் உள்ளே சீல் இல்லை, ஆயில் இல்லை. அதனால் வண்டிக்குக் கீழே வேலை என்றால், தூக்கியதும் பாரத்தை அவற்றின் மேல் இறக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் சமவெளிக்கும் சேர்த்துச் சொன்னது. மலையில் இன்னும் இரண்டு விஷயம் கூடுகிறது. ஒன்று சரிவு, இன்னொன்று மண்.

திருப்பூரில் வண்டியைக் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும். இங்கே அதை நம்பிப் பின் சக்கரத்தைத் தூக்கிவிடாதே. காரணம் கேள். உன் மாதிரி பிக்கப்பில் இன்ஜின் சுற்று பின் சக்கரங்களுக்கு டிஃபரென்ஷியல் வழியாகத்தான் போகிறது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்வரை கியர் வண்டியைப் பிடிக்கும். ஒன்றைத் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் காற்றில் எதிர்ப்பக்கம் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் சாவகாசமாக உருளும். கியர் போட்டது போட்டபடி இருக்கும், வண்டி நகரும். ஹேண்ட் பிரேக்கும் பெரும்பாலும் பின் சக்கரம் இரண்டை மட்டுமே பிடிக்கிறது. ஒன்று தூக்கியாகிவிட்டால் அதன் பிடியும் பாதி. வண்டி ஒரு சாண் நகர்ந்தால் போதும், ஜாக்கி சாய்ந்துவிடும். கியரும் ஹேண்ட் பிரேக்கும் போடு, போட்டபின் முட்டுக்கட்டையை நம்பு. நான்கு கட்டை அனுப்பியிருப்பது அதற்காகத்தான். வலது பின் சக்கரத்தைத் தூக்குகிறாய் என்றால், எதிர் மூலையில் இருக்கிற இடது முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொன்று. மீதி இரண்டு, தரையில் இருக்கும் மற்ற இரு சக்கரங்களுக்கும் பள்ளத்துப் பக்கமாக. சுத்தியால் ஒரு தட்டு தட்டி இறுக்கு. வழியில் கிடக்கிற கல்லை எடுத்து வைக்கிற பழக்கம் வேண்டாம். உருண்டைக் கல் நழுவும். வேலை முடிந்ததும் அதைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களால் ராத்திரி இருசக்கர வண்டியில் வருகிறவன் விழுகிறான்.

மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நம் தோட்டத்து வழி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மழை பெய்தால் செம்மண் களியாகிவிடும். ஜாக்கியின் அடி உள்ளங்கை அகலம்தான். அத்தனை பாரமும் அந்த அகலத்தில் இறங்கும்போது வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி மண்ணுக்குள் போகும், போகும்போது நேராகவும் போகாது. வேங்கைப் பலகையை அடியில் போட்டு அதன் நடுவில் ஜாக்கியை வை. தார்ச் சாலையிலும் வெயில் நேரத்தில் பலகை போடுவது நல்லது. செங்கல், ஹாலோ பிளாக், உடைந்த ஸ்லாப் எதுவும் ஆகாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் வெடித்து நொறுங்கும். மரம் நசுங்கும்போது முனகும், ஒதுங்க நேரம் கொடுக்கும்.

இப்போது வழியில் நடக்கக்கூடியதைப் பார்ப்போம். கேரட் ராத்திரியில் பிடுங்குவார்கள், கழுவி ஏற்றி விடியும்போது மண்டியில் இருக்க வேண்டும் என்று அவசரப்படுவார்கள். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்திலிருந்து முன்னூற்றுச் சொச்சம் மீட்டருக்கு இறங்குகிறாய். குன்னூருக்குக் கீழே மட்டும் 14 கொண்டை ஊசி வளைவு. பர்லியார் வரை மூடுபனி இருக்கலாம். அந்த நேரத்தில் பின் டயர் பஞ்சர் ஆகிறது என்று வைத்துக்கொள்.

முதல் வேலை, ஜாக்கியை எடுக்காதே. நல்ல இடம் தேடு. வளைவிலும் வளைவை ஒட்டியும் நிற்காதே. மெதுவாக உருட்டிக்கொண்டு போய், மேலிருந்து வருகிற லாரிக்காரன் உன்னைத் தூரத்திலேயே பார்க்கக்கூடிய நேரான, முடிந்தவரை சமமான இடத்தில் நிறுத்து. அதில் டயர் கிழிந்து ரிம் அடிபட்டாலும் பரவாயில்லை. ரிம்முக்கு விலை உண்டு. முன் சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து நிறுத்து. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடு. சிவப்பு முக்கோணத்தை, வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கே தெரிகிற மாதிரி தள்ளிக் கொண்டுபோய் வை. வண்டியில் இருக்கிறவர்களை எல்லாம் இறக்கி, சாலையை விட்டு மேட்டுப் பக்கம் நிற்கச் சொல். குளிராக இருக்கிறது, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று யாராவது சொன்னாலும் விடாதே.

பிறகு முட்டுக்கட்டை. அதன் பிறகு, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்து. தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் வண்டி ஆடும், ஜாக்கி வழுக்கும். இந்த வரிசை மாறினதால் வந்த விபத்துகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஜாக்கி. வண்டிக் கையேட்டில் எங்கே வைக்கச் சொல்லியிருக்கிறதோ அங்கேதான் வைக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டை வைத்த பின் அச்சில் பொதுவாக அந்தப் பட்டை உட்காரும் இடத்தை ஒட்டி இருக்கும். நடுவில் பருத்துத் தெரிகிற டிஃபரென்ஷியல் உருண்டையின் கீழே வைக்காதே, உருண்டை மேல் வண்டி நிலையாக நிற்காது. ஜாக்கி தலையில் இருக்கும் ஸ்குரூவை முதலில் கையால் சுற்றி உயர்த்தி, அச்சைத் தொடுகிற அளவுக்குக் கொண்டு வா. அப்படிச் செய்தால் ராம் குறைவாக ஏறினாலே போதும். ஏற ஏற ஆடுவது கூடும் என்பதை மறந்துவிடாதே. ராம் செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பார். கொஞ்சம் ஏறியதும் நிறுத்தி மறுபடியும் பார். சாய்ந்திருந்தால் இறக்கி, திருத்தி, மறுபடி தூக்கு. பத்து நிமிஷம் தாமதமானால் மண்டியில் பத்து ரூபாய் குறையலாம், அவ்வளவுதான்.

ஸ்டெப்னியை முதலிலேயே கழற்றிப் பக்கத்தில் வைத்திருப்பாய் அல்லவா? சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் அதைப் படுக்கை வாட்டில் சேஸுக்கு அடியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் தள்ளி வை. பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடு. தள்ளும்போது காலால் தள்ளு, கையை உள்ளே விடாதே. நடுவில் ஜாக்கி கைவிட்டாலும் சேஸ் ஒரு டயர் மேல் உட்காரும், டிரம் தரையில் இடிக்காது, உன் காலும் தப்பும். லிவரை அடித்து முடித்ததும் கழற்றி ஓரமாக வைத்துவிடு. நீட்டிக்கொண்டு நிற்கிற லிவரில் கால் தடுக்கினால் ஜாக்கி திரும்பிவிடும். லிவர் கனமாக இருக்கிறது என்று பைப் செருகி நீட்டாதே. ஜாக்கி முரண்டு பிடித்தால் பாரம் அதிகம் என்று அர்த்தம். மூட்டையை இறக்கிவிட்டுத் தூக்கு. ஓவர்லோடு வால்வு என்று ஒன்று உள்ளே இருக்கும். அதைத் திருகிக் கூடுதலாகத் தூக்க வைக்கிறேன் என்று சொல்கிற மெக்கானிக் கிட்டே போகாதே.

நட்டை எதிரெதிர் மூலையாகப் போட்டு, கையால் உட்கார வை. இறக்கும்போது ரிலீஸ் ஸ்குரூவை லிவரின் வாயால் இடப்பக்கம் மெல்ல, மிக மெல்லத் திற. கால் சுற்றிலேயே இறங்கத் தொடங்கும். சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகு நட்டை முழு பலத்தில் இறுக்கு. கட்டையை எடுப்பது கடைசி வேலை. மண்டிக்குப் போனதும் நட்டை மறுபடி ஒரு முறை பார்.

வண்டியின் கீழே படுத்துச் செய்கிற வேலை எதையும் வழியில் செய்யாதே. சைலன்ஸர் தொங்கினால் கம்பியால் கட்டிவிட்டு வா. பிரேக் சூ, கிராஸ், ஸ்பிரிங் வேலை எல்லாம் நம் ஷெட்டில் வைத்துக்கொள்ளலாம். சிமென்ட் தரை இருக்கிறது, மூன்று டன் ஸ்டாண்டு இரண்டு இருக்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில், ஸ்டாண்டு நாலு அடி தூரத்தில் இருக்க, ஒரே ஒரு போல்ட்தானே என்று ஜாக்கியை நம்பி உள்ளே போன பையனின் வலது கையை எடுக்க வேண்டி வந்தது. அப்போது அவனுக்கு உன் வயதுதான். அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். என் அக்காவை அப்படிப் பார்க்கிற நிலை எனக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

இனி பராமரிப்பு. இதுவும் உயிர் காக்கிற வேலைதான். நம் ஊர் மூடுபனியும் ஈரமும் ராமுக்கு விரோதி. பளபளப்பான அந்தத் தண்டில் துரு பிடித்தால் சின்னச் சின்னக் குழி விழும். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்தக் குழி சீலை அறுக்கும். வேலை முடிந்ததும் ராமை முழுக்க இறக்கு. தலை ஸ்குரூவையும் உள்ளே சுற்றிவிடு. மண்ணைத் துடைத்து, ஆயில் தொட்ட துணியால் ஒரு தடவை தடவு. வண்டியில் நேராக நிற்க வை, பெல்ட் போட்டுக் கட்டு. படுக்கப் போட்டால் ரப்பர் மூடி வழியாக ஆயில் கசியும், அவசரத்துக்கு எடுக்கும்போது பாதி தொட்டி காலியாக இருக்கும்.

ஆயில் ஊற்றுவதில்தான் பலரும் ஜாக்கியைக் கெடுக்கிறார்கள். ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் என்று கேட்டு வாங்கி ஊற்று. பிரேக் ஆயில் கூடவே கூடாது. பேர் ஒரே மாதிரி இருந்தாலும் சரக்கு வேறு, ஜாக்கியின் சீல் அதில் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம். அதில் அழுக்கும் இரும்புத் துகளும் இருக்கும். இந்தக் குளிரில் அது கெட்டியாகி லிவரும் ஓடாது. ராம் முழுக்க இறங்கி ஜாக்கி நேராக நிற்கும்போது, ரப்பர் மூடி இருக்கும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரைக்கும் ஆயில் இருந்தால் சரி. ராம் மேலே இருக்கும்போது நிரப்பினால், இறங்கும்போது இடம் இல்லாமல் பிதுக்கிக்கொண்டு வரும். வடித்துப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிது ஊற்று.

ஜாக்கி தன் நோயைத் தானே சொல்லும். லிவர் அடிக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கி, ராம் சரியாக ஏறவில்லை என்றால் உள்ளே காற்று இருக்கிறது. ராமை இறக்கி, ரிலீஸ் ஸ்குரூவைத் திறந்து, ரப்பர் மூடியை லேசாக நெம்பிவிட்டு, லிவரைப் பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடி. காற்று போய்விடும். ஸ்குரூவை மூடி, ஆயில் அளவைப் பார். பாதி வரை நன்றாக ஏறி மேலே போகவில்லை என்றால் ஆயில் குறைவு. ஏறி, தானாக இறங்கினால் சீலோ, குண்டு உட்காரும் இடமோ கெட்டிருக்கிறது. இறங்கவே மாட்டேன் என்றால் ராம் வளைந்திருக்கலாம், துரு பிடித்திருக்கலாம். கடைசி இரண்டும் நீ வழியில் சரி செய்கிற விஷயம் இல்லை. அந்த ஜாக்கியைத் தொடாமல் என்னிடம் கொண்டு வா.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, பனிக்காலம் முடிந்ததும் ஒரு தடவை சோதித்துப் பார். காலி வண்டியில், கட்டை எல்லாம் போட்டு, ஒரு சக்கரத்தைத் தூக்கி, அச்சுக்கு ஒரு விரல் கீழே ஸ்டாண்டு வைத்துவிட்டு, ராமில் சாக்பீஸால் கோடு போடு. பத்து நிமிஷம் கழித்துப் பார். கோடு கீழே போயிருந்தால் சீல் மாற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் காலியாகவே சோலூருக்குக் கொண்டு வா. லோடு பேசுகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் அதற்கு முன் ஒத்துக்கொள்ளாதே. நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக நீ கழற்றி மாட்ட வேண்டும். முதலில் ஷெட்டில், பிறகு கோயில் பக்கத்துச் சரிவில். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன், கை கொடுக்க மாட்டேன். உன்னோடு லோடு ஏற்ற வருகிற பையனையும் கூட்டி வா. உனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரியில் டார்ச் பிடிக்கிறவன் அவன்தான், "அண்ணா, கட்டை போட்டாச்சா?" என்று கேட்க வேண்டியவனும் அவன்தான்.

அத்தை அன்றைக்கு அவரைக்காய்க் குழம்பு வைப்பதாகச் சொல்கிறாள். வேலை முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு முதல் லோடு யாருடையது என்று பேசலாம்.

அக்காவிடம் சொல், பயப்பட வேண்டாம் என்று.

அன்புடன்,
உன் மாமா